முப்பது வயலின்காரர்கள்

செவ்வாய் காலை கம்பம் பேருந்தில் கேட்டு, அன்றே எழுதிவைத்தது. முன் இருக்கையில் மடிக்கணினியோடு ஒரு பெண். பக்கத்தில் அவள் அண்ணன்.

"ஒன் இருமலச் சேத்ததுதாண்ணே தப்பாப் போச்சு."

"என் இருமலா?"

"முப்பது வயலினும் கம்ப்யூட்டர்ல போட்டதுதான். நெசமா ஆளுக உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கட்டும்னு நாற்காலிச் சத்தமும் இருமலும் சேத்தேன். டைரக்டர் நம்பிட்டாக. நாளைக்கு வாசிச்சவுகளப் பாக்க வாராகளாம்."

"நான் வேணா வந்து இருமிக் காட்டவா?"

"வெளாடாதண்ணே. நான் மியூசிக் போடுற மொதப் படம். பொய் சொன்னேன்னு தூக்கிட்டாகன்னா?"

"அப்ப இப்பவே உண்மையச் சொல்லிரு ஆத்தா."

சின்னமனூரில் போனைக் காதில் வைத்தபடி இறங்கினாள். "சார், அந்த வயலின்காரவுக…" என்பது வரை கேட்டது. வாக்கியத்தை எப்படி முடித்தாள் என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.