ஓகஸ்ட் பதினாறில் வாசிக்காத வரி

பேஸ்போல் ஆட்டத்தில் சும்மா நிற்கிற நேரம்தான் அதிகம். எங்கள் சனம் ஒருமுறை பார்க்க வந்தால் மறுமுறை வராது. கிரிக்கெட்டைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அந்தச் சும்மா நேரத்தை நிரப்பத்தான் எங்கள் கழகத்தின் சொந்த மைதானத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும், இரண்டாம் இன்னிங்ஸ் முடிந்ததும், ‘இதே நாளில்’ என்றொரு சிறு பகுதியை ஒலிபெருக்கியில் வாசித்து வந்தேன். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போலில் அதே திகதியில் என்றோ நடந்த மூன்று சம்பவங்கள். பதினெட்டு வருடமாக வாசித்தேன். மிச்ச நேரத்தில் ஆட்டப் புள்ளிகளை எழுதும் ஸ்கோரரும் நான்தான்.

என் பெயர் யூட். வயது நாற்பத்து நான்கு. ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் ஒரு களஞ்சியத்தில் வேலை. எட்டு வயதில் அப்பா அம்மாவோடு இந்த நாட்டுக்கு அகதியாக வந்தேன். விசாரணை அதிகாரிக்குத் தெரிந்த அளவு ஜெர்மன் எனக்கும் தெரியும். அப்படியிருக்க, இந்த வாக்குமூலத்தை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று அவர் கேட்டார். செய்ததைத் தமிழில் செய்தேன், சொல்வதையும் தமிழிலேயே சொல்கிறேன் என்றேன். எழுதவே வேண்டாம் என்பது என் வழக்கறிஞரின் கருத்து. சுபானி என்ற சத்தியப்பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர் இதை ஜெர்மனுக்கு மாற்றித் தருவார் என்று சொன்னார்கள். சுபானி, உங்களை எனக்குத் தெரியாது. ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு சொல்லும் விடாமல் மாற்றுங்கள். விட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

பதினொரு வயதில் நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். இங்கே வளர்ந்த எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் இதுதான் முதல் உத்தியோகம். வகுப்பை விட்டுவிட்டு அம்மாவோடு டொக்டரிடம் போவது, அப்பாவின் அன்ட்ராக் என்ற விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது. அந்த வருடம் ஒரு டொக்டர் என் அம்மாவுக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது என்று என்னிடம் சொல்லி, அதை அம்மாவிடம் சொல்லச் சொன்னார். நான் அம்மாவைப் பார்த்தேன். “மருந்து இருக்காம், கொஞ்ச நாள் எடுக்குமாம்” என்றேன். அம்மா சிரித்தார். போகும் வழியில் எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். பதினான்கு மாதம் உயிரோடு இருந்தார். செத்த பிறகு அலுமாரிக்குள் ஒரு கடிதம் கிடைத்தது. ஊரில் இருந்த தன் தங்கச்சிக்கு எழுதத் தொடங்கி, ஆறுதலாக முடிக்கலாம் என்று வைத்திருந்தது. அதைப் பற்றி நான் அதிகம் யோசிப்பதில்லை. அந்தப் பதினான்கு மாதமும் நான் கொடுத்தது என்றே நினைத்துக்கொள்வேன்.

அதன் பிறகு எங்கள் சனத்திடம் எனக்கு ஒரு நல்ல பெயர் வந்தது. யூட்டைக் கூட்டிக்கொண்டு போனால் பயப்படத் தேவையில்லை. கெட்ட செய்தியும் அவன் வாயால் வந்தால் பாதிதான் நோகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் நானில்லை. ஒரு அகப்பை குறைத்துப் பரிமாறுவேன், அவ்வளவுதான்.

கார்த்திகன் போன வருடம் பருத்தித்துறையிலிருந்து வந்தான். வயது இருபத்து மூன்று. அகதிகள் தங்கும் ஹைமில் ஒரு அறையில் மூன்று பேரோடு இருந்தான். பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணியில் முதலாவதாக இறங்கித் துடுப்பெடுத்தாடியவன். என்னிடம் வந்தது ஒரு கடிதத்தை வாசிக்க. ஹைமில் பலர் தங்கள் கடிதங்களை என்னிடம் தந்து வைப்பார்கள். நான் ஆளுக்கொரு கோப்புப் போட்டு அடுக்கி, டெர்மின், அதாவது போக வேண்டிய திகதி, வந்தால் நினைவூட்டுவேன். அவனுடைய மணிக்கட்டைப் பார்த்துவிட்டு மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது நாளே பந்தை வேலிக்கு அப்பால் அடித்தான். பயிற்சியாளர் என்னைப் பார்த்த பார்வையில், பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, நான் ஸ்கோர் எழுதுகிறவன் மட்டுமல்ல என்று தெரிந்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே மறைக்கத் தேவையில்லை.

ஒரு பழக்கத்தை மட்டும் அவனிடமிருந்து எடுக்க முடியவில்லை. கிரிக்கெட்டில் பந்து உடம்பை நோக்கி வந்தால் அதன் பின்னால் போய் நிற்கப் பழக்குவார்கள். பயந்து விலகுகிறவனை முழு மைதானமும் பகிடி பண்ணும். பேஸ்போலில் முகத்தைத் திருப்பி விலகத்தான் வேண்டும். பந்து வந்தால் ஓடு என்று நூறு தரம் சொன்னேன். “ஓடினா அம்மா சிரிப்பா அண்ணை” என்பான்.

அவனுடைய தாய் கலாதேவி ஒவ்வொரு நாளும் வீடியோவில் வருவார். அவன் என்னிடமும் போனைத் தருவான். “தம்பி, அவனுக்கு அங்க பாஷையும் தெரியாது, ஆக்களும் தெரியாது. நீங்கள் சொன்னாக் கேப்பான்” என்றார். உண்மை. நான் சொன்னால் கேட்பான்.

இந்த ஓகஸ்டில் எங்கள் கழகம் பிரிவின் அடியில் கிடந்தது. பதினாறாம் திகதி, சனிக்கிழமை, கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் மைதானத்தின் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டோம் என்று நகரசபை ஏற்கெனவே எழுதியிருந்தது. வெல்வதற்குக் கார்த்திகனை விட்டால் எங்களிடம் ஆளில்லை.

ஏழாம் திகதி பயிற்சியில் எங்கள் ஆள் எறிந்த பந்து கைநழுவி அவனுடைய தலைக்கவசத்தில் பட்டது. அவன் விலகவில்லை. சிரித்துக்கொண்டு இன்னும் நாலு பந்து அடித்தான். பிறகு உடைமாற்றும் அறையில் சத்தி எடுத்தான். மறுநாள் நானே கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிக்கொண்டு போகச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. இதை அதிகாரி குறித்துக்கொள்ள வேண்டும்.

டொக்டர் இளம் பெண், பொறுமையானவர். என்னைப் பார்த்து ஒவ்வொரு வசனமாக நிறுத்திச் சொன்னார். மூளை அதிர்ந்திருக்கிறது. மூன்று கிழமை எந்த விளையாட்டும் கூடாது. ஆறுவதற்கு முன் இன்னொரு அடி பட்டால், சின்ன அடியாக இருந்தாலும், உயிருக்கு ஆபத்து. இதை அவருக்கு விளக்கமாகச் சொல்லுங்கள் என்றார்.

நான் கார்த்திகனிடம் திரும்பினேன். “தலை கொஞ்சம் குலுங்கியிருக்காம். ரெண்டு மூண்டு நாள் படுத்து எழும்பட்டாம். இடிச்சா பனடோல் போடட்டாம்.”

“விளையாடலாமாமோ அண்ணை?”

“ஓம். இடி நிண்டா விளையாடலாமாம்.”

விளங்கியதா என்று டொக்டர் கேட்டார். எல்லாம் விளங்கிவிட்டது என்று ஜெர்மனில் சொன்னேன். மூன்று கிழமை என்று எழுதிய கடிதத்தை என்னிடம் தந்தார். கார்த்திகனின் கோப்பில் அதை வைக்கவில்லை. ஸ்கோர் புத்தகத்தின் பின்னட்டைக்குள் வைத்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். நான் அப்படியான ஆளில்லை.

அந்தக் கிழமை முழுக்க அவனை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். சோறும் கறியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலையிடி நின்றுவிட்டது என்றான். முகத்தைப் பார்த்தால் நின்றதாகத் தெரியவில்லை. ஆனால் அவன் சொன்னான், நான் நம்பினேன். மற்றவர் சொல்லை நம்புவதுதானே என் தொழில்.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்து ‘இதே நாளில்’ பகுதியை எழுதினேன். ஓகஸ்ட் பதினாறு ஒரு கனமான நாள். ஆயிரத்து எண்ணூற்று எழுபதில், எறிந்த பந்து காற்றில் வளையும் என்று புரூக்ளினில் ஒருவர் ஊரைக் கூட்டிக் காட்டியதாகச் சொல்வார்கள். அது நடந்ததா என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் பேப் ரூத் நியூயோர்க்கில் இறந்தார். சவத்தைப் பார்க்க மைதானத்துக்கு வெளியே சனம் வரிசையில் நின்றது. இரண்டுக்கும் இடையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. கிளீவ்லண்ட் அணியின் ரே சாப்மனுடைய தலையில் பந்து பட்டது. மங்கல் வெளிச்சம், ஊத்தைப் பந்து. அவர் விலகவில்லை. மறுநாள் விடியும் முன் இறந்துபோனார். அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் எறிந்த பந்து பட்டு இறந்தவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு கழித்துத்தான் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார்கள்.

இதையெல்லாம் என் கையால் எழுதினேன். பதினெட்டு வருடத்தில் ஓகஸ்ட் பதினாறு எங்கள் மைதானத்தில் இதற்கு முன் இரண்டு தரம் வந்தது, இரண்டு தரமும் சாப்மனை வாசித்தேன். இந்தத் தரம் அந்த வரியின் மேலே ஒரு கோடு போட்டேன். ஆட்டக்காரர் காதில் அபசகுனமாக விழக்கூடாது என்பது காரணம். இது நல்ல காரணம் என்று இப்போதும் நினைக்கிறேன். இரண்டு சம்பவங்கள்தான் வாசித்தேன். ஒன்று குறைகிறதென்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் இன்னிங்ஸில் கார்த்திகன் அடித்த அடியில் இரண்டு ஓட்டம் வந்தது. சனம் அவனுடைய பெயரைத் தங்களுக்கு வந்தபடி கத்தியது. நான் ஒலிபெருக்கியில் அதைச் சரியாக உச்சரித்துக் காட்டினேன். அவன் என் மேசைப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினான்.

ஆறாம் இன்னிங்ஸில் காதுக்கு மேலே பட்ட பந்து வேகமான பந்தே இல்லை. கைநழுவி வந்த மெதுப் பந்து. வேறொருவராக இருந்தால் தலையைத் தடவிக்கொண்டு சிரித்திருப்பார். அவனும் எழும்பினான். பேஸ்போலில் உடம்பில் பந்து பட்டால் முதல் தளத்துக்கு இலவசமாக நடந்து போகலாம். அதற்கு ஸ்கோர் புத்தகத்தில் ஒரு குறி இருக்கிறது. அவன் நாலைந்து அடி நடந்து விழுந்தான். நான் அந்தக் குறியை எழுதி முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். அந்தப் பக்கம் அதிகாரியிடம் இருக்கிறது. கை நடுங்காத எழுத்து.

மறுநாள் மத்தியானம் வைத்தியசாலையில் இறந்தான். ஆட்டம் பாதியில் நின்றதால் லீக் எங்களைக் கீழே இறக்கவில்லை. நகரசபை குத்தகையைப் புதுப்பித்தது. மைதானத்துக்கு அவனுடைய பெயரை வைக்கப் போகிறார்கள். பலகையில் தமிழ் எழுத்துச் சரியா என்று பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு புள்ளி குறைந்திருந்தது. திருத்தி அனுப்பினேன்.

கலாதேவிக்கு நான்தான் போன் எடுத்தேன். ஒரு நொடிதான், நோவே இல்லை என்று டொக்டர்மார் சொன்னதாகச் சொன்னேன். அப்படி யாரும் சொல்லவில்லை. “நீங்கள் பக்கத்தில நிண்டபடியா அவன் தனியப் போகேல்லை தம்பி” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எடுப்பார். சாப்பிட்டீங்களோ என்று கேட்பார்.

அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் செப்டெம்பர் கடைசியில் மரண விசாரணை அறிக்கையின் பிரதி ஒன்று ஊருக்குப் போனது. ஜெர்மன் மொழியில். கலாதேவி அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வசனம் இருந்தது. விளையாடக்கூடாது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் தெளிவாக விளக்கப்பட்டும், அதை மீறி அவர் விளையாடினார்.

அதை விட்டுவிட்டு வாசித்திருக்கலாம். களைத்துப் போயிருந்தேன் போலும். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு சொல்லும் விடாமல், எழுதியிருந்தபடியே மொழிபெயர்த்தேன். நான் சொன்னவற்றிலேயே பெரிய பொய் அதுதான்.

அவர் பிறகு மெதுவாகக் கேட்டார். “சொல்லுக் கேக்கிற பிள்ளை தம்பி அவன். டொக்டர் சொல்லியும் ஏன் போனவன்? நான் வளர்த்த வளர்ப்புப் பிழையோ?”

மறுநாள் அவர் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. ஊரில் விசாரித்தபோது, மகனுடைய படத்துக்கு விளக்கு வைப்பதையும் விட்டுவிட்டார் என்றார்கள். சொல்லுக் கேளாமல் செத்தவனுக்கு என்ன விளக்கு என்றாராம். அன்று பின்னேரம்தான் பொலிசுக்கு வந்தேன். கார்த்திகன் சொல்லுக் கேட்ட பிள்ளை. என் சொல்லைக் கேட்டான். அதை எழுத்தில் அவருக்குத் தர வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், இதை யாரும் கேட்கவில்லை. கிளினிக்கில் எழும்பும் முன், கேட்க ஏதும் இருக்கிறதா என்று டொக்டர் நேரே கார்த்திகனைப் பார்த்துக் கேட்டார். அவன் என் கையைப் பிடித்தான். “அண்ணை, ஒரு கண் ரெண்டு ரெண்டாத் தெரியுது. சொல்லுங்கோ அவவிட்ட. எனக்குப் பயமாக் கிடக்கு” என்றான்.

அவன் உங்களுக்கு நன்றி சொல்கிறான் என்று டொக்டரிடம் சொன்னேன். டொக்டர் சிரித்து அவனுக்குக் கை கொடுத்தார். நான் தன் பயத்தைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து அவனும் சிரித்தான்.

சுபானி, நீதிமன்றத்துக்கு எல்லாவற்றையும் மாற்றிக் கொடுங்கள். ஆனால் இதன் தமிழ்ப் பிரதி பருத்தித்துறைக்குப் போகும்போது, அவன் பயமாயிருக்கிறது என்று சொன்ன அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். தாயால் அதைத் தாங்க ஏலாது. பயப்படாதீர்கள், ஒரு வரி குறைகிறதென்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இதில் எனக்கு முப்பத்து மூன்று வருடப் பழக்கம்.