உரியவருக்கு அனுப்பியது

அக்காவின் இன்பாக்ஸில் படிக்காத மெயில்கள் நாலாயிரத்துச் சொச்சம் இருந்தன. அவள் பள்ளித் தலைமையாசிரியை. பெற்றோர், மேலிடம், புத்தகம் விற்பவர்கள் என்று யார்தான் எழுதவில்லை. திறந்தாலே அவளுக்குப் படபடப்பு வந்துவிடும்.

"நீயே பாத்துக்கோடி, எனக்குத் தலை வெடிக்குது" என்று பாஸ்வேர்டை அவளாகத்தான் கொடுத்தாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், மேடம்.

என் முறை எளிமையானது. வேண்டாததை அழிப்பேன். பதில் கேட்பவர்களுக்கு அவள் பெயரிலேயே இரண்டு வரி எழுதுவேன். மற்றதை யாருக்கு உரியதோ அவருக்கு அனுப்பிவிடுவேன். ஒரே மாதத்தில் இன்பாக்ஸ் காலி. அக்கா நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அதன்பிறகுதான் கட்டிக்கொடுத்த மகளிடமிருந்து முதல் மெயில் வந்தது. "அம்மா, என் போனை அவர் பிடுங்கி வெச்சுக்கிட்டார். ஆபீஸ்லேர்ந்துதான் எழுத முடியுது. ரொம்ப அடிக்கிறார்மா."

அக்காவுக்கு பிரஷர் உண்டு. காட்டவில்லை. "கொஞ்சம் பொறுத்துப் போ கண்ணு" என்று பதில் போட்டேன். அக்கா அவளைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள்.

"அவகிட்டேர்ந்து ஏதாவது வந்துச்சாடி? போன் பண்ணா மாப்பிள்ளைதான் எடுக்கறார். எப்பக் கேட்டாலும் குளிக்கிறாளாம்."

"தலைய துவட்டிட்டு எழுதுவாக்கா" என்றேன். சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

மொத்தம் இருபத்து மூன்று மெயில்கள். ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. தனி ஃபோல்டரில் தேதிவாரியாக இருக்கின்றன. கடைசி மெயில் இது: "வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்ல கிளம்பி வந்துடறேன்மா. இனிமே உன்கூடத்தான். என் ரூம் எனக்கு வேணும். சித்தி ஹால்ல படுத்துப்பாங்க, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க."

நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. அது அவளுடைய அறைதான். பதினோரு வருடமாக ஜன்னலோரம் என் கட்டில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு நாள் யோசித்தேன். இது கணவன் மனைவி விஷயம். அக்காவுக்கு உரியதல்ல என்று பட்டது. மாப்பிள்ளைக்கு அனுப்பினேன்.

மூன்றரைக்கே அவர் பேருந்து நிலையத்தில் நின்றதாகச் சொன்னீர்கள். கத்தியோடு போவார் என்று எனக்குத் தெரியாது. கோபக்காரர் என்று தெரியும்; இருபத்து மூன்றையும் படித்தவள் நான்தானே.

மகள் போய்விட்டதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை என்றீர்கள். சொல்லும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும், மேடம். அவளுக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?