மணத்தக்காளி சாறு குடித்த எலிகள்

தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயிலில், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பார்மசி மாணவி தோழியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"என் எலிக்கு அல்சரே வரலடி! வயித்த அறுத்துப் பாத்தா பளபளன்னு இருக்கு! மணத்தக்காளி சாறு காப்பாத்திடுச்சு!"

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாகூட நிமிர்ந்து பார்த்தார்.

"சூப்பர்டி! சாறு குடுக்காத எலிங்களுக்கு?"

"அதுங்களுக்கும் வரல!" என்றாள், அதே வேகத்தில்.

தோழி சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏய், அல்சர் வரவைக்க ஸ்பிரிட் குடுத்தியே, அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பட்டினி போட்டல்ல? வெறும் வயித்துல குடுத்தாத்தானே புண்ணு வரும்?"

குரோம்பேட்டை வந்தது, போனது.

"பாவமா பாத்துச்சுங்கடி... ஆளுக்கொரு பிஸ்கட் போட்டேன்."