படியில் ஊற்றிய தண்ணீர்

...பின்னால் நின்று கத்துகிற தம்பிகளே, கொஞ்சம் பொறுங்கள். நம் வணிகர் சங்கத் தேர்தல் முடிந்துவிட்டது. புதுத் தலைவர் மேடையில் இருக்கிறார். சங்கத்துச் சாவி மட்டும் இன்னும் பழைய தலைவர் தவசிக்கனி அண்ணாச்சியின் சட்டைப் பையில் இருக்கிறது. சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கதை சொல்கிறேன், கேளுங்கள். கற்பனைதான்.

பல்கேரியா என்று ஒரு நாடு. அங்கே ராதனோவ் என்று ஒரு குடியரசுத் தலைவர். வாலிப வயதில் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசியவர். பேசினால் விடுவார்களா? ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டார்... மனிதரை ஏதோ ஒரு மலைக் கிராமத்துக்குத் துரத்திவிட்டார்கள். ஆட்சி மாறியது. துரத்தப்பட்டவரே தலைவரானார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். யாராவது புது வேலைக்குக் கிளம்பினால், வீட்டார் வாசல்படியில் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த ஈரத்தை மிதித்துப் போனால் காரியம் தடையில்லாமல் ஓடுமாம். நம் ஊரில் ஊற்றிப் பாருங்கள்... அடிக்க வருவார்கள்! ராதனோவ் பதவியேற்கப் போன அன்று, மனைவி நெதெல்கா செம்புக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

அடுத்த தேர்தல் வந்தது. ராதனோவ் தோற்றார்.

மாளிகைக்கு வெளியே ஆதரவாளர் கூட்டம். "இறங்காதே! இறங்காதே!" கண்ணாடி ஜன்னல் அதிருகிறது. உள்ளே ஆலோசகர் கோச்சோ ஒரு தாளை நீட்டுகிறார்.

"ஐயா, பனி கொட்டுனதால மலை ஊர்க்காரங்க ஓட்டுப் போட வர முடியல. தேர்தல் செல்லாதுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. வெளியே கேக்குதா சத்தம்? எவன் உங்களை எதிர்ப்பான்?"

ராதனோவ் பேனாவை எடுத்தார். எடுத்தாரா, இல்லையா? எடுத்தார்! ஆசை யாரை விட்டது?

அப்போது நெதெல்கா அதே குடத்தோடு உள்ளே வந்தார். நேரே வாசலுக்குப் போனார். படியில் தண்ணீரை ஊற்றினார்.

கோச்சோவுக்குச் சிரிப்பு. "என்னம்மா இது? வேலைக்குப் போறவருக்குத்தானே ஊத்துவீங்க? வேலை போனவருக்குமா?"

"முன்னாள் தலைவரா இருக்கிறதும் ஒரு வேலைதான் கோச்சோ. இவரு அதை இன்னும் செஞ்சு பார்த்ததில்லை. முதல் நாளே தாமதமாப் போகலாமா?"

ராதனோவ் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்... "என்னையும் ஒரு கையெழுத்துலதான் ஊரை விட்டுத் துரத்துனாங்க" என்றார். பேனாவை மூடினார். கதவைத் திறந்தார்.

கூட்டம் படிவரைக்கும் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. ஒருவன் கையில் கல். "துரோகி! எங்களை விட்டுட்டுப் போறியா?"

ராதனோவ் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "வழி விடு தம்பி. ஈரம் காயறதுக்குள்ள நான் இறங்கணும்."

கல்லை வைத்திருந்தவன்தான் முதலில் விலகினான்.

என் சொந்தங்களே, பதவிக்கு வருகிறவனை ஊரே தோளில் தூக்கும். அதில் அவன் பெருமை என்ன இருக்கிறது? இறங்குகிறபோது அவன் தன் காலால்தான் இறங்க வேண்டும். அந்தச் சில படிகளைத்தான் ஊர் அவன் பெயரோடு சேர்த்து வைத்துக்கொள்ளும்.

தவசிக்கனி அண்ணாச்சி... எனக்குக் குடிக்க வைத்த செம்புத் தண்ணீர் இதோ இருக்கிறது. மேடைப்படியில் ஊற்றப் போகிறேன்.

சாவியோடு வாங்க அண்ணாச்சி.