இடது காது

பேனா மூடியால் காதைக் குடையாதீர்கள், இன்ஸ்பெக்டர். தோல் கீறுவது அப்போது தெரியாது, நாலு நாள் கழித்து வலிக்கும்போதுதான் தெரியும்.

ரூமா ஊர் ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்தேன். இந்த ஊரில் பாதிப் பேருடைய காதுக்குள் எட்டிப் பார்த்தவள் நான். பட்டாணி எடுத்திருக்கிறேன், சட்டைப் பொத்தான் எடுத்திருக்கிறேன், ஒரு தடவை உயிரோடு ஒரு கரப்பான். கடைசி சில வருடங்களில் பெரும்பாலும் இயர்போன் ரப்பர்தான். குட்டிக் குடை மாதிரி இருக்கும். இயர்போனைப் பிடுங்கினால் அது கையோடு வந்துவிடும், குடை உள்ளே தங்கிவிடும். பதறிப்போய் விரலை விட்டு இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டு வந்து நிற்பார்கள். வளைந்த கொக்கியை ஓரமாக நுழைத்து இழுத்தால் இரண்டு நிமிட வேலை. வலிக்காது.

ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. நானும் அப்படிச் சொல்லப் போவதில்லை.

என் மகன் வுகாஷின் ரயில் எஞ்சின் ஓட்டுகிறவன். முப்பத்திரண்டு வயது. அவன் அப்பா தொண்ணூற்று நான்கில், ஆறு மாதக் கட்டட வேலை என்று சொல்லி ஆஸ்திரியா போனார். முதலில் வாரத்துக்கு ஒரு போன், பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு பண்டிகைக்கு ஒன்று. அதற்காக நான் யாரிடமும் புலம்பியதில்லை. பிள்ளையை வளர்த்தேன்.

போன குளிர்காலத்தில் அவன் காதில் எந்நேரமும் இயர்போன் இருந்தது, சாப்பிடும்போதுகூட. பீன்ஸ் சூப்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பேன். உதடு அசையும். எனக்குப் பதில் சொல்வதற்காக இல்லை, உள்ளே பேசுகிற யாருக்கோ. நெவேனாவை எனக்குத் தெரியும். ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிற பெண், இரண்டு வருடமாக அவனோடு பழகுகிறாள். இது வேறொருத்தியாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. ஒரு நாள் காலை அவன் குளித்துக்கொண்டிருந்தபோது, மேஜைமேல் கிடந்த இயர்போனை எடுத்து என் காதில் வைத்தேன். பெண் குரல்தான். ஜெர்மனில் ஒரு வாக்கியம், பிறகு அதையே நம் மொழியில். "எனக்கு ஒரு வீடு வாடகைக்கு வேண்டும். பால்கனி இருந்தால் நல்லது. எத்தனை பேர்? இரண்டு பேர்."

இயர்போனை இருந்த இடத்திலேயே வைத்தேன். அலமாரியில் அவன் துணிகளுக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது. ஒரு ஜெர்மன் சரக்கு ரயில் கம்பெனி, செப்டம்பரில் வேலைக்குச் சேர வேண்டும், அதற்குமுன் மருத்துவப் பரிசோதனை, முக்கியமாகக் காது. அவன் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்குக் கிளம்பினவன் வலது காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் வந்தான்.

"அம்மா, இந்தச் சனியன் புடிச்ச ரப்பர் உள்ளேயே நின்னுடுச்சு. பத்து மணிக்கு வண்டி. சட்டுனு பாரேன்."

"உக்காரு. தலையைச் சாய்."

ஜன்னல் பக்கம் உட்கார வைத்து விளக்கை அடித்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் அதன் விளிம்பு நன்றாகத் தெரிந்தது. கொக்கியைக் கையில் எடுத்தும்விட்டேன். நான் எதையும் திட்டமிட்டவள் இல்லை என்பதற்கு இதுவே போதும்.

"சீக்கிரம்மா. பாடம் வேற பாதியில நிக்குது," என்றான்.

"என்ன பாடம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

கொக்கியைத் தட்டில் வைத்தேன்.

"உள்ள ஒண்ணும் இல்லடா. பிடுங்கறப்போ கீழ எங்கயாவது விழுந்திருக்கும்."

"நல்லா பாத்தியா?"

"முப்பத்தொரு வருஷமா வேற என்ன பண்ணேன்?"

அவன் சிரித்தான். என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

மாலை வந்து காது அடைத்திருக்கிறது என்றான். லேசான வீக்கம், குளிர்காற்றில் தலையை நீட்டி வண்டி ஓட்டினால் அப்படித்தான் ஆகும் என்றேன். அன்றிலிருந்து தினமும் சொட்டு மருந்து போட்டேன். குப்பியை என் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கித்தான் போடுவேன். சில்லென்று விட்டால் தலை சுற்றும். சுத்தம் செய்யும்போது ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. சீழ் வைத்தது. வலி என்றான், மாத்திரை கொடுத்தேன். காது டாக்டரைப் பார்க்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், அதுவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வீட்டில் நர்ஸ் இருக்கும்போது யார்தான் வரிசையில் போய் நிற்பார்கள்? இயர்போனை அன்றோடு பெட்டியில் போட்டு மூடிவிட்டான்.

ஏப்ரலில் பரிசோதனை நடந்தது. மெஷினில் சத்தம் வைத்துக் கேட்கச் சொன்னார்கள், சீழைத் தாண்டிக் காதுக்குள் யாரும் பார்க்கவில்லை. இடது காது முழுக்கச் சரி, வலது காது தேறவில்லை. இங்கே ரயில்வேயிலும் எஞ்சினிலிருந்து இறக்கி ஸ்டேஷன் அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவான். போனில் வெளியே வைத்துப் பாடம் கேட்பதையும் நிறுத்திவிட்டான். ஈஸ்டருக்கு நாங்கள் இருவரும் உட்கார்ந்து வெங்காயத் தோலில் முட்டைகளுக்குச் சாயம் ஏற்றினோம். பத்து வயதுக்குப் பிறகு அவன் என்னோடு அப்படி உட்கார்ந்ததில்லை. கேட்கிற காது என் பக்கம் இருக்க வேண்டும் என்று அவனே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். அவை நல்ல நாட்கள், இன்ஸ்பெக்டர். அவனைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

நெவேனாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"அத்தை, அந்த லைட்ட ஒரு தடவை குடுங்க. நானும் பாக்கறேன்."

"ரொட்டி சுடறவளுக்குக் காதுல என்னடி தெரியும்?"

"ரொட்டில கல்லு கிடந்தா எனக்குத் தெரியும் அத்தை."

"விடு நெவேனா," என்றான் என் மகன். "அம்மா பாக்காததையா நீ பாத்துடப் போற?"

அதன்பிறகு நான் மருந்து போடும்போதெல்லாம் அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூனில் ஜெர்மனியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. எஞ்சின் ஓட்ட முடியாவிட்டால் பரவாயில்லை, பழுது பார்க்கும் பட்டறையில் வேலை தருகிறோம், ஒரு காது நன்றாக இருந்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். வுகாஷின் நெவேனாவைத் தூக்கிச் சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினான். மாவுக் கிண்ணம் கவிழ்ந்தது.

"ஒரு காது போதுமாம் அம்மா. கேட்டியா? ஒரு காது போதுமாம்."

கேட்டேன் என்றேன். கொட்டிய மாவைக் கூட்டி அள்ளினேன்.

ஜூலை மத்தியில் நடந்ததை நெவேனா உங்களிடம் சொல்லியிருப்பாள். பட்டப்பகலில் ஸ்டேஷனுக்குப் பின்னால் தண்டவாளத்தைக் கடக்கும்போது, இடது பக்கத்திலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஓர் எஞ்சின் வந்திருக்கிறது. ஓட்டியவர் விடாமல் ஊதியிருக்கிறார். பதினான்கு வருடம் ரயிலோடு வாழ்ந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தான். அன்று மாலையே, முனையில் காமிரா வைத்த குச்சி ஒன்றைக் கடையில் வாங்கி, போனில் இணைத்து, என்னிடம் கேட்காமல் அவன் வலது காதுக்குள் விட்டுப் பார்த்திருக்கிறாள். மறுநாள் நோவி சாத் மருத்துவமனை. மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். டாக்டர் ஹலாஸ் கவனமானவர், மற்ற காதையும் பார்த்தார். அதிலும் ஒன்று இருந்தது. வலது காதின் சவ்வு அழிந்துபோய், உள் எலும்பும் அரித்திருந்தது. இடது காதில் கிருமி உள்காது வரைக்கும் போயிருந்தது. காது கேட்கும் கருவி வைத்தாலும் பெரிதாகப் பயன் இருக்காது என்றார்.

எனக்காக என் மகன்தான் வாதாடினான். சத்தம் தெரியாததால் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி பேசினான். "ரெண்டுமே அன்னிக்கே மாட்டியிருக்கும் டாக்டர். அம்மா கண்ணுல படல, அவ்வளவுதான். அவங்களுக்கும் வயசாச்சு." டாக்டர் ஏப்ரல் பரிசோதனைக் காகிதத்தை அவன் முன்னால் வைத்து, இடது காதுக்கு நேரே விரலை வைத்தார். நெவேனா ஒரு தாளில் எதையோ எழுதி நீட்டினாள். அவன் அதை வெகுநேரம் படித்தான். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தில் எழுதினால் எதுவும் உண்மை மாதிரிதான் தெரியும்.

இப்போது நீங்கள் அந்த இயர்போன் பெட்டியை மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். மாற்று ரப்பர் ஒவ்வொரு அளவிலும் இரண்டு வரும். பெரிய அளவில் இரண்டும் இருக்கிறது. சின்ன அளவில் ஒன்றுதான் இருக்கிறது. வலது காதில் இருந்தது நடு அளவு, இடது காதில் இருந்தது சின்னது, சின்னதை அவன் ஒரு நாளும் போட்டதில்லை என்கிறீர்கள். சரிதான். கெட்டிக்காரர் நீங்கள்.

வலது காதில் இருந்தது தானாக மாட்டிக்கொண்டது. நான் எடுக்கவில்லை, அவ்வளவே. இடது காதில் இருந்ததை நான் வைத்தேன். கடிதம் வந்த மூன்றாம் நாள் மதியம். அந்தக் காதிலும் தொற்றிக்கொள்ளப் போகிறது, திரும்பிப் படு, சுத்தம் பண்ணிவிடுகிறேன் என்றேன். என் மடியில் தலையைத் திருப்பி வைத்துப் படுத்தான். சின்ன அளவை எடுத்ததற்குக் காரணம் நடு அளவு வலிக்கும் என்பதுதான். "கூசுதும்மா," என்றான். முடிந்தது என்றேன். அப்படியே தூங்கிப்போனான். அவன் எழுந்திருக்கும்வரை நான் அசையவில்லை. கால் மரத்துப்போயிற்று. அதற்குப் பிறகு வந்த சீழும் வலியும் எனக்குத் தெரிந்தே வந்தவைதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

வேறு யாரும் அவனை இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். நான் இங்கே வந்து மூன்று வாரமாகிறது. மூன்று வியாழக்கிழமையும் பார்வையாளர் நேரத்தில் அவன் உள்ளே வரவில்லை. வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பான், பெயரைக் கூப்பிடுவது காதில் விழுந்திருக்காது. காவலரிடம் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடச் சொல்லுங்கள்.