விழுந்தவரைத் தூக்கிய என் கைகள்

கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் மாங்காய் விவசாயிகள் சங்கத்துப் பெரியவர் முனியப்பன் அவர்களே, வெயிலென்றும் பாராமல் குடிபாலாவிலிருந்தும் சத்தியவேட்டிலிருந்தும் புத்தூர் வந்து சேர்ந்திருக்கும் பெருமக்களே, பிள்ளைகளை மடியில் ஏந்தி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்!

நான் கோவர்த்தனன். மாந்தோப்பில் பிழைப்பவன். மருத்துவம் அறியேன். நான் செய்த ஒரு பிழையைச் சொல்லவே இந்த மேடை ஏறினேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், மாங்காய் பறித்துக்கொண்டிருந்த என் மனைவியின் தம்பி ஹேமநாத், கிளை முறிந்து மல்லாந்து விழுந்தான். அலறிக்கொண்டு ஓடினேன். அவனோ என்னைத் தேற்றினான்.

“ஒண்ணும் இல்ல மாமா, நடு முதுகுதான் வலிக்குது. பாரு, காலு அசையுது.”

அசைந்தது ஐயா! இந்த இரு கண்களால் பார்த்தேன்! பார்த்தும் என்ன செய்தேன்? கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்தேன். கூடப் பறித்துக்கொண்டிருந்த ரங்கன் பின்னால் பிடித்துக்கொள்ள, பள்ளம் பாராமல் மேடு பாராமல் பறந்தேன். பாதி வழியில் என் முதுகில் சாய்ந்தபடி அவன் கேட்டான்:

“மாமா, என் காலு வண்டிமேலதான இருக்குது?”

என்ன தம்பி, சத்தமாகப் பேசச் சொல்கிறீர்களா? பொறுங்கள். ஒலிபெருக்கியைக் கிட்டே இழுத்துக்கொள்கிறேன்.

மருத்துவர் விளக்கினார். மூளை இடும் கட்டளை காலுக்குப் போவதும், காலில் தைத்த முள்ளின் வலி மூளைக்கு வருவதும் சுண்டுவிரல் பருமனுள்ள தண்டுவடத்தின் வழியே. அதற்குக் காவல் முதுகெலும்பு. விழுந்தபோது எலும்புதான் உடைந்தது. நான் தூக்கியபோது அந்த உடைந்த எலும்பு நகர்ந்து, தண்டுவடத்தை நசுக்கிவிட்டது. எலும்பு கூடிவிடும். நசுங்கிய தண்டுவடம் பழையபடி ஆவது அரிதிலும் அரிது. பகையாலா தூக்கினேன்? பாசத்தால் அல்லவா தூக்கினேன்! பாசம் அவனை நடக்க வைத்ததா?

சென்ற ஆனியில், நகரி சாலையில், காஞ்சனா என்ற பெண் சுமை வண்டியிலிருந்து விழுந்தாள். தூக்குவதற்கு நாலு பேர் ஓடினார்கள். நான் குறுக்கே பாய்ந்தேன்.

“தொடாதீங்க! 108க்கு போன் போடுங்க!”

“மனுசனாய்யா நீ? பொம்பள துடிச்சிக்கினு இருக்குது, பாத்துக்கினு நிக்கச் சொல்றியே!” என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். நான் நகரவில்லை. மண்ணில் மண்டியிட்டு, அவள் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

“மூச்சு வருதா தாயி? பேசு. கழுத்த மட்டும் திருப்பாத.”

இருபது நிமிடம் அப்படியே இருந்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. பலகையில் கிடத்திக் கொண்டுபோனார்கள். கழுத்தில் எலும்பு முறிந்திருந்தது. தண்டுவடம் தப்பியிருந்தது! நான்காம் மாதம் அவள் தன் கால்களால் நடந்து வந்து எங்கள் வாசலில் நின்றாள்.

கட்டிலில் கிடந்த ஹேமநாத் அவள் பாதங்களையே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு என் கையைப் பற்றினான்.

“இத எல்லாருக்கும் சொல்லு மாமா. அன்னிக்கு உனக்குச் சொல்ல ஆள் இல்ல.”

அதனால் சொல்கிறேன்! ஊர் ஊராய்ச் சொல்கிறேன்! தீயோ வெள்ளமோ நெருங்கினாலொழிய, விழுந்தவரை அசைக்காதீர்கள்! உலுக்காதீர்கள்! உட்கார வைக்காதீர்கள்! தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், உதவியை அழையுங்கள், திட்டுகிறவர்கள் திட்டட்டும், காத்திருங்கள்!

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கு என் நன்றி. உங்கள் வீட்டார் ஒவ்வொருவரும் நடந்தே வீடு வந்து சேரட்டும். வணக்கம்.