அணைக்க முடியாத தலை

தேங்காயை உடைக்காமல் கண் வழியாகவே பருப்பைச் சுரண்டி எடுக்கப் பொறுமை வேண்டும், சார். எனக்கு அது நிறையவே உண்டு. ரேடியோ ரிப்பேர்க்காரனுக்கு வேறென்ன சொத்து?

நம் தீவில், பாம்பூஃப்ளாட்டில் டாக்டர் நசீருதீன் தன் சின்ன ஆஸ்பத்திரிக்கு, மூளையின் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக வரையும் மிஷின் ஒன்றை மெயின்லேண்டிலிருந்து வரவழைத்திருந்தார். அந்த மின்சாரம் துளியிலும் துளி. படகுத்துறை பக்கத்திலேயே இருந்தது. ஃபெர்ரி எஞ்சின் அதிர்ந்தாலே கோடு கிறுக்கிவிடும். அதற்காக நோயாளியின் தலையை வைத்துக்கொண்டு பழக முடியுமா? தேங்காய் ஓட்டில் உப்புநீர் நிரப்பி, உள்ளே கம்பி விட்டு, மூளையில் ஓடுகிற அளவே மின்சாரம் கொடுத்தேன். மூன்று வருஷம் அந்தப் பொய்த்தலையோடு மல்லுக்கட்டி, கோட்டில் கலக்கிற இரைச்சலை அடக்கினேன்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஓட்டுல சுவிட்சை அணைச்சா, மிச்சம் மிஷினோட சத்தம்னு தெரிஞ்சுடுது. மனுஷன் தலையை எங்கே அணைப்பே, குழந்தைவேலு? யாரு ஒத்துக்குவாங்க?"

நியாயமான கேள்விதான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு, சௌல்தாரி வயலில் கட்டுவிரியன் கடித்த ஆறுமுகத்தைக் கொண்டுவந்தார்கள். இமைகூட அசையவில்லை, மூச்சும் இல்லை. ரப்பர் பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்தால் நாலைந்து நாளில் எழுந்துவிடுவான் என்றார் டாக்டர். முறைபோட்டு அமுக்கினோம். தசை அசையாத தலை. அவ்வளவு சுத்தமான கோட்டை நான் பார்த்ததே இல்லை. அவன் மனைவி கமலாட்சி காதோரம் "என்னாங்க" என்றதும் கோடு மாறியது.

"அண்ணே, அவருக்குக் கேக்குதா? டீக் ஹோ ஜாயேகா, சரியாயிடும்னு டாக்டர் சொன்னாரு."

"நல்லாக் கேக்குதும்மா. நீ போய்ச் சாயா குடிச்சுட்டு வா. நான் பார்த்துக்கறேன்."

இரண்டு நாளில் அவள் முதன்முறையாக எழுந்து போனாள். இடது கையில் பை, வலது கையில் கம்பி. உப்புக்காற்றில் கிளிப் துருப்பிடித்துவிட்டதால் கடைசிக் கம்பியை எப்போதும் விரலால்தான் தலையோடு அழுத்திப் பிடிப்பேன். ஓட்டில் செய்கிற அதே வரிசைதான்: ஓடவிட்டு ஒரு பதிவு, அணைத்து ஒரு பதிவு. பையை அமுக்குவதை நிறுத்தினேன். பன்னிரண்டு நிமிஷம். அவன் சிரமப்படவில்லை, சார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

கோடு படுத்தது. உங்கள் ஸ்டேஷன் மேசையில் இருப்பது அந்தக் காகிதம்தான். ஒரே ஒரு சின்ன நடுக்கம் மட்டும் கடைசிவரை இருக்கிறது, பாருங்கள். ஃபெர்ரி எஞ்சின் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

புயல் எச்சரிக்கையால் அன்று ஃபெர்ரியே ஓடவில்லை என்கிறீர்கள். இருக்காது, சார். படகுத்துறை ரிஜிஸ்டரை இன்னொரு தரம் பாருங்கள். என் கை நடுங்குகிற கை இல்லை.